நான்கு மாதம் ஆகிவிட்டது, இனிமேல் புகார் கொடுக்க முடியாதா?

கேள்வி, 11.02.2025, மாலை

தனியார் நிறுவனம், நூற்றைம்பது பேர் வேலை செய்கிறோம். என் மேலாளர் ஆகஸ்டிலிருந்து இரவு பதினோரு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவார். 'தூங்கியாச்சா', 'இன்னைக்கு கட்டியிருந்த சேலை நல்லா இருந்துச்சு', இந்த மாதிரி. அக்டோபர் 10 அன்று அலுவலகத்தில் ஆயுத பூஜை. சுண்டல் வாங்கிக்கொண்டு நின்றேன். பின்னால் வந்து இடுப்பில் கை வைத்தார். அடுத்த வாரம் எச்.ஆரிடம் வாயால் சொன்னேன். 'நான் பேசிட்டேன், இனிமே நடக்காது. எழுத்துல எல்லாம் வேண்டாம்மா, உன் பேர்தான் கெடும்' என்றார். அதன் பிறகு மேலாளரின் கை நீளவில்லை என்பது உண்மை. ஆனால் ஜனவரி மதிப்பீட்டில் என் மார்க் நாலிலிருந்து இரண்டாகிவிட்டது. இப்போது எழுதிக் கொடுக்கப் போனால், மூன்று மாதம் தாண்டிவிட்டது, சட்டப்படி செல்லாது என்கிறார் அதே எச்.ஆர். உண்மையா?

11.02.2025, இரவு 10.40

பாதி உண்மை. பாதியை மட்டும் சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தின் 9-ஆம் பிரிவைப் பாருங்கள். சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதம். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். அதற்குள் எழுத்தில் கொடுக்க முடியாமல் உங்களைத் தடுத்த சூழ்நிலை இருந்தது என்று புகாரை விசாரிக்கும் குழுவுக்குப் பட்டால், காரணத்தை எழுதி வைத்துவிட்டு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அக்டோபர் 10 என்றால் ஏப்ரல் 10. இன்றிலிருந்து எண்ணினால் 58 நாள் இருக்கிறது.

அதைவிட முக்கியம், செல்லும் செல்லாது என்று சொல்ல எச்.ஆர் யார்? அது ஐ.சி.சி., அதாவது அலுவலகத்தின் உள்ளகப் புகார்க் குழு, எடுக்க வேண்டிய முடிவு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தே ஆக வேண்டும். தலைவர் மூத்த பதவியில் இருக்கும் பெண். ஊழியர்களில் குறைந்தது இரண்டு பேர், வெளியிலிருந்து ஒருவர், மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். உங்கள் அலுவலகத்தில் யார் யார் என்று சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். தண்ணீர் கேன்களை அடுக்கியிருக்கும் இடத்துக்குப் பின்னால் தேடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஜனவரியில் மார்க் குறைத்ததையும் புகாரில் சேர்த்துவிடுங்கள். அதையே கடைசிச் சம்பவமாக வைத்தால் மூன்று மாதக் கணக்கு அங்கிருந்து ஓடும், நீட்டிப்பே தேவைப்படாது.

12.02.2025, காலை 7.15

இரண்டு திருத்தம்.

ஐ.சி.சி. என்று எழுதியது பழைய பழக்கம். 2016-லேயே ஒரு திருத்தத்தில் 'புகார்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். இப்போது வெறும் உள்ளகக் குழு, ஐ.சி. தப்பித் தவறி யாரும் கிரிக்கெட் நடத்துகிறவர்களுக்குப் புகார் அனுப்பிவிடாமல் இருக்க இது உதவும்.

இன்னொன்று, 58 நாளும் உங்கள் பையில் இருப்பது போல எழுதிவிட்டேன். முதல் மூன்று மாதம்தான் உங்களுடையது. அடுத்த மூன்று மாதத்தைக் குழு தர வேண்டும். அதனால் புகாரில் 'காலதாமதத்துக்கான காரணம்' என்று தனிப் பத்தி எழுதுங்கள். எச்.ஆர் சொன்ன அந்த வாக்கியத்தை அப்படியே, தேதியோடு. 'எழுத்துல வேண்டாம்மா' என்பது தடுத்த சூழ்நிலை இல்லையென்றால் வேறு எது?

சொன்னதற்குச் சாட்சி இல்லையே என்று கேட்பீர்கள். இன்றே அவருக்கு ஒரு மெயில் போடுங்கள். 'அக்டோபரில் நான் உங்களிடம் நேரில் சொன்ன விஷயம் தொடர்பாக என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்' என்று ஒரே வரி. 'நீ என்னிடம் சொல்லவே இல்லை' என்று எழுத்தில் பதில் போடும் துணிச்சல் பெரும்பாலானவர்களுக்கு வராது. 'அப்போதே பேசிவிட்டேனே' என்று எழுதுவார். அதுதான் வேண்டும்.

12.02.2025, இரவு 11.50

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

இந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 2013 டிசம்பர் 9. எனக்கு நடந்தது 2014 மார்ச். சட்டத்துக்கு மூன்று மாத வயது, எனக்கு அப்படி ஒன்று பிறந்திருப்பதே தெரியாது. கணக்குப் பிரிவு, ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம், இரவு ஒன்பது பத்து மணி வரை உட்கார்ந்திருப்போம். எங்கள் மேற்பார்வையாளர் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிவார். மவுஸ் மேல் இருக்கும் என் கையின் மேல் தன் கையை வைத்து, 'இந்த செல்லுலதான் தப்பு' என்று நகர்த்திக் காட்டுவார். தப்பு அந்த செல்லில் இருக்காது. ஐந்தாறு செல் தள்ளித்தான் இருக்கும், அதுவரை போக வேண்டுமே.

என்ன செய்தேன் தெரியுமா? மவுஸை இடது பக்கம் மாற்றினேன். சுவர் ஓரம், அந்தப் பக்கம் அவர் வந்து நிற்க இடமில்லை. ஒரு வாரம் கை வலி. பிறகு பழகிவிட்டது. ஆகஸ்டில் வேலையை விட்டேன், 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுத்து.

இன்றும் இடது கையால்தான் மவுஸ் பிடிக்கிறேன். இப்போதைய அலுவலகத்தில் எல்லாரும் நான் இடதுகைப் பழக்கம் உள்ளவள் என்று நினைக்கிறார்கள். சோறு சாப்பிடும்போது பார்த்துக் குழம்புவார்கள்.

14.02.2025

ஆதாரம் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கேமரா இல்லை, பார்த்தவர் இல்லை, என்ன செய்வது என்று.

நான் பிற்பாடு வேறு நிறுவனத்தில் ஊழியர் தரப்பில் குழு உறுப்பினராக மூன்று வருடம் இருந்தேன், அது ஒரு முழுப் பதவிக்காலம். ஒரு அம்மா புகார் கொடுத்தார். எழுதப் படிக்க ஓரளவுதான் தெரியும். எழுதித் தர முடியாதவருக்கு எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை, அது சட்டத்திலேயே இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல எங்கள் தலைவர் எழுதினார். எந்தத் தேதி என்று கேட்டதும் அந்த அம்மா பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். தினமும் கிழிக்கிற நாள்காட்டித் தாள்கள். கிழித்ததைத் தூக்கிப் போடாமல், ஏதாவது நடந்த நாளின் தாளை மட்டும் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார். பின்பக்கம் பென்சிலில் இரண்டு மூன்று சொற்கள். 'லிப்ட்', 'தோள்', 'வீட்டுக்கு வரவா என்றான்'. பதினொரு தாள்.

புகாருக்கு உள்ளானவர் சிரித்தார். 'ராகு காலம் எமகண்டம் எல்லாம் போட்டிருக்கு, இது ஆதாரமா?' என்றார். வெளி உறுப்பினர் நிதானமாக வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஆவணங்களை வரவழைக்க, ஆளைக் கூப்பிட்டு விசாரிக்க உரிமையியல் நீதிமன்றத்துக்கு இருக்கும் அதிகாரம் குழுவுக்கு உண்டு, இது நிறையக் குழுக்களுக்கே தெரியாது. பதினொரு நாளும் இரண்டு பேரும் ஒரே ஷிப்ட். அந்த மாதங்களில் இருவரும் ஒரே ஷிப்டில் இருந்தது மொத்தமே பதினான்கு நாள். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க இது கொலை வழக்கு இல்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் குழு பார்க்கும்.

15.02.2025

நேற்று எழுதியதில் இரண்டு வரியை நீக்கிவிட்டேன், இரண்டு விவரத்தை மாற்றியும் விட்டேன். ஒருவர் தனியாக எழுதிக் கண்டித்தார், நியாயம்தான். 16-ஆம் பிரிவுப்படி புகார் கொடுத்தவர், புகாருக்கு உள்ளானவர், சாட்சிகள் யாரையும் அடையாளம் தெரியும்படி வெளியே சொல்லக் கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் கிடைக்காது. பெயர் சொல்லாமல், கண்டுபிடிக்கவும் முடியாமல், நியாயம் கிடைத்தது என்ற அளவில் சொல்லலாம். மீறினால் விதிப்படி 5,000 ரூபாய். ரூபாய் இருக்கட்டும், அந்த அம்மா படித்துவிட்டு முகம் சுளிக்கக் கூடாது.

16.02.2025

விசாரணைக்கு வக்கீலைக் கூட்டிப் போகலாமா? கூடாது. இரண்டு தரப்புக்கும்தான். வெளியே கலந்து பேசிவிட்டுப் போவதை யாரும் தடுக்க முடியாது.

புகார் ஆறு பிரதி, சாட்சிகளின் பெயர், வாட்ஸ்அப் திரைப்பிடிப்புகளின் அச்சு. புகாருக்கு உள்ளானவருக்கு ஏழு வேலை நாளுக்குள் ஒரு பிரதி போகும், பதில் சொல்ல அவருக்குப் பத்து வேலை நாள். அதனால் கொடுத்த மறுநாளே உங்கள் இருக்கைப் பக்கம் யாராவது வந்து சமாதானம் பேசினால் ஆச்சரியப்படாதீர்கள்.

சமாதானம் என்றதும் ஞாபகம் வருகிறது. சட்டத்திலும் சமரசம் உண்டு, 10-ஆம் பிரிவு. ஆனால் புகார் கொடுத்த பெண் தானாகக் கேட்டால் மட்டும். பணம் கொடுத்து முடிப்பது அதில் கிடையாது. எச்.ஆர் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு 'பேசிட்டேன்' என்பதற்குச் சட்டத்தில் பெயரே இல்லை.

17.02.2025, மாலை

எதிர்பார்த்தது வந்துவிட்டது. 'பொய்ப் புகார் கொடுத்தால் பெண்ணுக்குத் தண்டனை உண்டு, அதையும் சொல்லுங்கள்.' சொல்கிறேன். 14-ஆம் பிரிவு. கெட்ட எண்ணத்தோடு, பொய் என்று தெரிந்தே கொடுத்திருந்தால் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைக்கலாம். அதே பிரிவில் அடுத்து என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். புகாரை நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே காரணமாக நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை, கெட்ட எண்ணம் இருந்தது என்பதைத் தனியாக விசாரித்து உறுதி செய்ய வேண்டும். போஷ் (இந்தச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயர்) பயிற்சி வகுப்புகளில் முதல் பாதியைப் பெரிய எழுத்தில் திரையில் போடுவார்கள். இரண்டாம் பாதி வரும்போது டீ வந்துவிடும்.

'நான் அந்த எண்ணத்தில் செய்யவில்லை' என்கிற இன்னொரு வாதம். போன மாதம்தான் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.என். மஞ்சுளா ஒரு தீர்ப்புக் கொடுத்திருக்கிறார். செய்தவருடைய நோக்கத்தைவிட, அந்தச் செயல் விரும்பத்தகாததா, அந்தப் பெண்ணுக்கு அது எப்படிப் பட்டது என்பதுதான் முக்கியம் என்று. அதில் அந்த மேலதிகாரியின் வாதம், வேலையைக் கண்காணிக்க நாற்காலிகளுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருந்தது என்பது. நாற்காலிக்குப் பின்னால்! படித்ததும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தொடவே இல்லை, முயன்றதோடு சரி என்றாலும் தப்ப முடியாது. 1999-லேயே உச்ச நீதிமன்றம் ஏ.கே. சோப்ரா வழக்கில் அதைச் சொல்லி, வேலைநீக்கத்தை உறுதி செய்துவிட்டது.

18.02.2025

தம்பி, 'இனிமேல் பெண் ஊழியருக்கு குட்மார்னிங் கூடச் சொல்லக் கூடாதா' என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லலாம். காலையில் சொல்லுங்கள். இரவு பதினொன்றரைக்கு வேண்டாம்.

22.02.2025

ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் இன்றே எழுதுகிறேன், ஏனென்றால் பேச்சு எங்கெங்கோ போய்விட்டது.

ஆண்களுக்கு நடந்தால்? 2013 சட்டம் பெண்களுக்கு மட்டும்தான். நிறுவனம் தன் சொந்தக் கொள்கையில் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளலாம், சில இடங்களில் சேர்த்திருக்கிறார்கள். கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால் 2015 பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளில் ஆண் மாணவர்களுக்கும் திருநருக்கும் இடம் உண்டு. திருநருக்கு வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2019 சட்டம் தனியாகச் சொல்கிறது. இது ஒரு குறை என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 'அதனால் இந்தச் சட்டமே வேண்டாம்' என்பவர்களோடு உண்டு.

நேர்காணலில் 'கல்யாணம் எப்போ, குழந்தை எப்போ' என்று கேட்கிறார்களே, அதற்குச் சட்டம் இல்லையா? இங்கேதான் சங்கடம். அரசியலமைப்பின் 15, 16-ஆம் பிரிவுகள் அரசைக் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியை நேரடியாகப் பிடிக்காது. விமானப் பணிப்பெண்ணை முதல் கர்ப்பத்தோடு வீட்டுக்கு அனுப்பும் விதியை 1981-ல் உச்ச நீதிமன்றம் அடித்தது, ஏனென்றால் அது அரசு நிறுவனம். தனியார் என்றால் கையில் இருப்பது 1976 சம ஊதியச் சட்டம், அதில் வேலைக்கு எடுப்பதில் பாகுபாடும் கூடாது என்று இருக்கிறது. அப்புறம் மகப்பேறு நலச் சட்டம். விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கினால் செல்லாது, 2017-க்குப் பிறகு விடுப்பு 26 வாரம். ஆனால் கேள்வி கேட்டதற்காக மட்டும் யாரையும் பிடிக்க முடியாது. கேட்டுவிட்டு, 'தேர்வாகவில்லை' என்று ஒரு மெயில். காரணம் எழுதுவார்களா என்ன.

(பின்சேர்க்கை: 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. 1976 சட்டம் போய், அதன் இடத்தில் ஊதியத் தொகுப்பின் 3-ஆம் பிரிவு. பாலினத்தை வைத்து ஊதியத்திலோ வேலைக்கு எடுப்பதிலோ பாகுபாடு கூடாது. மகப்பேறு நலச் சட்டம், நிலையாணைச் சட்டம் ஆகியவையும் இந்தத் தொகுப்புகளுக்குள் போய்விட்டன.)

இன்னொருவர் துணிக்கடைகளில் நிற்க வைப்பதைப் பற்றி எழுதியிருந்தார். அது துன்புறுத்தலில் சேராது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். அதற்குப் பிறகு நான் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் ஸ்டூல் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஸ்டூல் இருக்கிறது. அதன் மேல் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள்.

03.03.2025

பத்துப் பேருக்குக் குறைவான இடம், அல்லது முதலாளியே கை வைத்தவர் என்றால் உள்ளகக் குழுவைத் தேட வேண்டாம். மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் குழு உண்டு. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். எங்கே என்று காவலாளியிடம் கேட்டால் முதியோர் பென்ஷன் வரிசையைக் காட்டுவார், பரவாயில்லை, உள்ளே போய்க் கேளுங்கள். வீட்டு வேலை செய்பவர்களுக்கும் அங்கேதான், முகாந்திரம் இருந்தால் ஏழு நாளுக்குள் காவல்துறைக்கு அனுப்ப வேண்டியது அந்தக் குழுவின் வேலை.

காவல்துறைக்கு நேராகப் போகலாமா என்றால், போகலாம். குழுவுக்குப் போனதால் அந்தக் கதவு மூடாது. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 354-அ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 75. தொடுதல், உடலுறவுக்கு வற்புறுத்தல், ஆபாசப் படம் காட்டுதல் என்றால் மூன்று வருடம் வரை சிறை, ஆபாசப் பேச்சு மட்டும் என்றால் ஒரு வருடம் வரை. அங்கே மூன்று மாதக் கெடு கிடையாது என்பதையும் கவனியுங்கள். நீங்கள் போக விரும்பினால் உதவ வேண்டியது நிறுவனத்தின் கடமை, 19-ஆம் பிரிவு.

இவ்வளவும் எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். 1992-ல் ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற ஒரு கிராமப் பணியாளர், அரசுத் திட்டத்தின் கீழ் வேலை செய்தவர், ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். வேலையைச் செய்ததற்காகக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். விசாரணை நீதிமன்றம் பாலியல் குற்றச்சாட்டிலிருந்து அத்தனை பேரையும் விடுவித்தது. அவருக்கு நடந்ததையொட்டி பெண்கள் அமைப்புகள் 1992-லேயே போட்ட பொதுநல வழக்குதான் விசாகா. 1997 ஆகஸ்ட் 13 தீர்ப்பில் வழிகாட்டு நெறிகள் வந்தன. அவை சட்டமாகப் பதினாறு வருடம். மூன்று மாதத்துக்குள் புகார் கொடு என்று பெண்ணிடம் கேட்கிற சட்டத்தை எழுத நாட்டுக்குப் பதினாறு வருடம்.

25.03.2025

கேள்வி கேட்டவர் நேற்று, மார்ச் 24, புகார் கொடுத்துவிட்டார்! ஆறு பிரதி, காலதாமதப் பத்தி, எச்.ஆரின் பதில் மெயில் இணைப்போடு. (எச்.ஆர் 'அப்போதே பேசிவிட்டேனே' என்றுதான் எழுதியிருந்தார். ஒரு சொல்கூட மாறவில்லை. ஜோசியம் பார்க்கப் போகலாம் போலிருக்கிறது.)

குழுத் தலைவருக்குத் தான் தலைவர் என்பதே தெரியாதாம். வெளி உறுப்பினர் நிறுவனத்தின் தொழிலாளர் சட்ட ஆலோசகர், மாதாமாதம் அங்கிருந்து பணம் வாங்குபவர். அது செல்லாது, எழுதிக் கொடுங்கள் என்றேன்.

ஒரு விண்ணப்பம் மறந்துவிடாதீர்கள், 12-ஆம் பிரிவு. விசாரணை முடியும்வரை அந்த ஆள் உங்கள் வேலையை மதிப்பிடக் கூடாது, வேறொருவர் மதிப்பிட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வேண்டுமானால் மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம், அது உங்கள் கணக்கில் இருக்கும் விடுப்பில் கழியாது. ஏப்ரல் மதிப்பீடு வருகிறது, இன்றே கொடுங்கள்.

27.03.2025

'செல்லாது' என்று அவசரப்பட்டுவிட்டேன். 2013 விதிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தொழிலாளர் சட்டமோ குற்றவியல் சட்டமோ தெரிந்தவர் என்ற வகையிலும் வெளி உறுப்பினராகலாம். அந்த வழியில் ஆலோசகர் உள்ளே வந்துவிடுவார். தகுதி இல்லை என்று சொல்ல முடியாது. பணம் வாங்குகிறவர் நடுநிலையாக இருக்க முடியாது என்று ஆட்சேபம் எழுதலாம், அது பதிவில் இருக்கட்டும். மேல்முறையீட்டில் உதவும். விதிப்படி வெளி உறுப்பினருக்குக் கிடைப்பது அமர்வு நாளுக்கு 200 ரூபாய், போக்குவரத்துச் செலவு தனி. 200 ரூபாய்க்கு வருகிறவரையும் மாதச் சம்பளத்துக்கு வருகிறவரையும் ஒரே தட்டில் வைக்கிறோம்.

06.07.2025

அறிக்கை வந்துவிட்டது, ஜூன் 27 தேதியிட்டு. 90 நாளில் விசாரணை, அதன்பின் 10 நாளில் அறிக்கை, அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். ஆட்சேபத்துக்குப் பிறகு வெளி உறுப்பினரையும் மாற்றியிருந்தார்கள். தலைவர் என்பதே தெரியாமல் இருந்த அந்தப் பெண்மணிதான் கடைசியில் நன்றாக விசாரித்தாராம். நான் முன்பு கிண்டலாக எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

தாமதம் ஏற்கப்பட்டது. துன்புறுத்தல் நடந்தது என்று முடிவு. எழுத்துப்பூர்வ எச்சரிக்கை, ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தம். செயல்படுத்த நிர்வாகத்துக்கு 60 நாள்.

ஜனவரி மார்க்? 'மதிப்பீடு நிர்வாக விஷயம், இந்தக் குழுவின் வரம்பில் வராது.' அப்புறம் நிர்வாகம் கேள்வி கேட்டவரைக் கூப்பிட்டு, வேறு பிரிவுக்கு மாறிக்கொள்கிறீர்களா, உங்களுக்குத்தான் வசதி என்று கேட்டிருக்கிறது. அவர் மாறவில்லை. என் இடம் ஜன்னல் ஓரம், நான் ஏன் போக வேண்டும் என்று கேட்டாராம்.

16.07.2025

சின்னச் செய்தி. இந்த வாரத்திலிருந்து கம்பெனிகளின் இயக்குநர் அறிக்கையில் பாலியல் துன்புறுத்தல் புகார் எத்தனை வந்தது, எத்தனை முடிந்தது, 90 நாளுக்கு மேல் எத்தனை நிலுவை என்று எண்ணிக்கை போட வேண்டும். இதுவரை 'குழு அமைத்திருக்கிறோம்' என்று ஒரு வரி போதும். இனி எல்லா அறிக்கையிலும் சுழியம், சுழியம், சுழியம் என்று வரும், பாருங்கள். சுழியம் போட்டிருக்கும் இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

14.09.2025

பிப்ரவரி 11 அன்று நான் எழுதிய கடைசிப் பத்தியை இனி யாரும் நம்பி இறங்காதீர்கள். மார்க் குறைத்ததைக் கடைசிச் சம்பவமாக வைத்துக் கெடுவை ஓட்டலாம் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது தப்பு.

முந்தாநாள், செப்டம்பர் 12, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மேல் அங்கே வேலை செய்யும் பேராசிரியை கொடுத்த புகார். கடைசியாகச் சொல்லப்பட்ட துன்புறுத்தல் 2023 ஏப்ரலில். புகார் கொடுத்தது 2023 டிசம்பர் 26. ஆறு மாதமும் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு தன்னைப் பொறுப்பிலிருந்து நீக்கியது போன்றவை எல்லாம் அதன் தொடர்ச்சிதான் என்பது அவர் வாதம். அவை நிர்வாக நடவடிக்கைகள், பாலியல் துன்புறுத்தலின் தொடர்ச்சி அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகார் காலம் கடந்தது, விசாரிக்க முடியாது.

ஆனால் அதோடு நிறுத்தவில்லை. இந்தத் தீர்ப்பு அந்தத் துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் இடம்பெற வேண்டும், அவரே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. இப்படி ஒரு உத்தரவை நான் கேள்விப்பட்டதில்லை. விசாரணையே நடக்காத ஒரு விஷயத்துக்கு இது எப்படிச் சரி என்று என் வீட்டில் இரவு முழுக்க வாதம். சரி என்று சொல்லவும் வரவில்லை, தப்பு என்று சொல்லவும் மனம் வரவில்லை. நாளைக்கு வேறு மாதிரி நினைத்தாலும் நினைப்பேன்.

கேள்வி கேட்டவர் நல்ல வேளையாக என் பேச்சை மட்டும் நம்பாமல் காலதாமதப் பத்தியையும் எழுதினார். ஜனவரியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் குழுவின் வாசலிலேயே நின்றிருக்கும்.

அவருக்கு இன்னொரு தேதி. மார்க் விஷயத்தைக் குழு தொடாமல் விட்டதை எதிர்த்து மேல்முறையீடு செய்வதானால் பரிந்துரையிலிருந்து 90 நாள். ஜூன் 27-லிருந்து எண்ணினால் செப்டம்பர் 25. இன்னும் 11 நாள். தனியார் நிறுவனம் என்பதால் நிலையாணைச் சட்டத்தின் (நிறுவனங்களின் பணி விதிகள் பற்றியது) கீழ் இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம்.

15.09.2025

துணைவேந்தர் விஷயம். வேறு மாதிரி நினைக்கவில்லை. இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறேன்.

24.09.2025, மாலை

கொடுத்துவிட்டாராம், நேற்று. ஒரே ஒரு நாள் மிச்சம் வைத்தா கொடுப்பது என்று கேட்டேன். இரண்டு நாள் மிச்சம் இருக்கிறது, சரியாக எண்ணுங்கள் என்று பதில்.

இடது கை பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். போன வாரம் வலது பக்கம் மாற்றி வைத்துப் பார்த்தேன். கிளிக் செய்ய வேண்டிய இடத்தில் ஒரு நெடுவரிசையே காணாமல் போனது. திரும்ப இடது பக்கம் வைத்துவிட்டேன்.